உடலின் நான்கு வாசல்கள்

(ஏற்காட்டில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்.)



மனித உடலின் அடிப்படை அமைப்பைப் பற்றி எல்லோருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்பது அறக்கட்டளைக் குழுவினர் எனக்கு இட்ட பணி. தமிழில் இது புதிய முயற்சியல்ல. 1850-களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் உடற்கூறும் உடலியங்கியலும் அடங்கிய நூலைத் தமிழாக்கி அச்சிட்டார். பிறகு மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்திக் காட்டினார். இன்று பத்தாம் வகுப்பு படித்த பிள்ளை யாராக இருந்தாலும் எலும்புகள் 206 என்று சொல்லும். இதயத்துக்கு நான்கு அறைகள் என்று சொல்லும். அந்தப் பட்டியலை இங்கே மறுபடி ஒப்பிக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே கருத்து. நம் உடல் இந்த மண்ணையும் நீரையும் காற்றையும் கொண்டுதான் கட்டப்படுகிறது. ஆனால் கிடைப்பதையெல்லாம் அது எடுத்துக்கொள்வதில்லை. எதை, எவ்வளவு, எப்போது உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் எல்லைகள் உடலில் உண்டு. அந்த எல்லைகளே உடலின் அடிப்படை அமைப்பு. நோய்கள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே நலம் காக்கும் வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஒன்பது வாசல் கொண்ட உடல் என்று நம் மரபு சொல்லும். அவை கண்ணுக்குத் தெரியும் வாசல்கள். நான் பேசப்போவது நுரையீரல், குடல், தோல், சிறுநீரகம் என்னும் நான்கு பெரிய வாசல்களைப் பற்றி. சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் நிற்கும் இந்தச் சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் போதும்.

1. பாறையில் இருப்பதும் உடலில் இருப்பதும்

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. மலையுச்சிகளில் அதன் மேல் பாக்சைட் படிந்திருக்கிறது. பல யுகங்களாகப் பெய்த மழை பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத அலுமினியம் எஞ்சி நின்றதால் உண்டானது அது. மலையிறங்கினால் சேலத்தின் வாசலிலேயே செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி வட்டாரத்தில் மேக்னசைட் சுரங்கங்கள். அது மக்னீசியத்தின் தாது. நகருக்கு மறுபுறம் கஞ்சமலை. அங்கே இரும்புத் தாது. அலுமினியம், மக்னீசியம், இரும்பு என்று மூன்று உலோகங்களின் நடுவே வாழ்கிறவர்கள் நீங்கள்.

இப்போது இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் முதலிடம் ஆக்சிஜனுக்கு, ஏறத்தாழ 46 சதவீதம். அடுத்தது சிலிக்கான், 28 சதவீதம். அதற்கடுத்தது அலுமினியம், 8 சதவீதம். பிறகு இரும்பு, 5 சதவீதம். மனித உடலிலும் முதலிடம் ஆக்சிஜனுக்குத்தான், 65 சதவீதம். அதற்குமேல் கணக்கு வேறு வழியில் போகிறது. கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3, கால்சியம் ஒன்றரை, பாஸ்பரஸ் 1 சதவீதம். உடலில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் நீர். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் இருக்கிறது.

பூமியில் இரண்டாம் இடம் பிடித்த சிலிக்கான் உடலில் ஓரிரு கிராம்தான். மூன்றாம் இடம் பிடித்த அலுமினியம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு உடலில் எந்த வேலையும் இல்லை. மேலோட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கார்பனோ உடலின் கட்டுமானத்துக்கே ஆதாரம். மண்ணில் மிகுதியாக இருப்பதெல்லாம் உடலிலும் மிகுதியாக இருந்துவிடாது. இடையில் தேர்வு ஒன்று நடக்கிறது.

2. தேர்வு தொடங்கும் இடம்

அந்தத் தேர்வு செல்லில் தொடங்குகிறது. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி செல்கள் இருப்பதாக இன்றைய மதிப்பீடு. எண்ணிக்கையில் பெரும்பங்கு இரத்தச் சிவப்பணுக்கள். ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காக அமைந்த சவ்வு உண்டு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அவ்வளவு மெல்லிய சவ்வின் இரண்டு பக்கமும் இரண்டு உலகங்கள். வெளியே உள்ள நீரில் சோடியம் மிகுதி, பொட்டாசியம் குறைவு. உள்ளே பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. சும்மா விட்டால் இரண்டும் கலந்து சமமாகிவிடும். அப்படி ஆகாமல் காப்பதற்காகச் சவ்வில் பதிந்த ஒரு புரதம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்; 40 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு பெற்றார். நாம் ஓய்வாகப் படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது. எல்லையைக் காப்பதற்கு உடல் எவ்வளவு விலை கொடுக்கிறது பாருங்கள்.

செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம் என்பது நீங்கள் படித்த வரிசை. திசுக்களில் நான்கு வகை: மூடும் திசு, இணைக்கும் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. முதல் வகைக்கு எபிதீலியம் என்று பெயர். வெளியுலகம் உடலைத் தொடும் இடமெல்லாம் அதுதான் விரிந்து கிடக்கிறது. நான் சொல்லும் நான்கு வாசல்களும் எபிதீலியத்தால் ஆனவை.

3. காற்றின் வாசல்: நுரையீரல்

சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளைத் தாண்டும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் 'பொட்' என்று திறக்கும். செவிப்பறைக்கு உட்புறம் அடைபட்ட காற்று, வெளியே அழுத்தம் குறையக் குறையப் பறையை வெளிநோக்கித் தள்ளுகிறது. விழுங்கும்போது நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழல் திறந்து இரண்டு பக்கமும் சமமாகிறது. உடல் தன் எல்லையில் வெளியுலகத்தோடு கணக்குத் தீர்க்கும் ஓசை அது.

ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதே 21 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் வந்து சேரும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. அப்படியிருந்தும் இங்கே வந்து இறங்குகிறவர் மூச்சுத் திணறுவதில்லை. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு நூற்றுக்கு 95 என்ற அளவிலேயே நிற்கிறது. எப்படி?

நுரையீரலுக்குள் 30 முதல் 50 கோடிக் காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் பரப்பை விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின், காற்றில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் ஏறத்தாழ முழு அளவுக்கே பற்றிக்கொள்ளும் இயல்பு உடையது. பரப்பு, மென்மை, ஹீமோகுளோபினின் பிடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் மலையேறியவரைக் காப்பாற்றுகின்றன.

ஆனால் காற்றுக்காக இவ்வளவு மெல்லியதாக அமைந்த வாசல் புகைக்கும் அதே அளவு மெல்லியது. மூக்கின் மயிரும் மூச்சுக்குழாயின் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். விறகுப் புகையிலுள்ள நுண்துகள்கள் அவற்றைத் தாண்டிக் காற்றுப் பைவரை போய்விடும். மூடிய சமையலறையில் ஈர விறகை ஊதி ஊதி எரிக்கும் பெண்ணின் நுரையீரல், இந்த மலையின் தூய காற்றைச் சமையல் நேரத்தில் சுவாசிப்பதே இல்லை. புகைபோக்கியும் சன்னலும் மருத்துவக் கருவிகள் என்றே நான் கருதுகிறேன்.

4. இரும்பின் வாசல்: குடல்

இன்றைய பேச்சில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது இங்கேதான்.

கஞ்சமலை இரும்பின் வரலாறு நீண்டது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் பகுதித் தாது போனது. பிற்காலத்தில் சேலம் உருக்காலை அந்த மலையடியிலேயே எழுந்தது. இரும்பு இவ்வளவு கிடைக்கும் தமிழ்நாட்டில், 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்திய அளவில் 57 சதவீதம். மண்ணில் இரும்பு இருக்கிறது, இரத்தத்தில் இல்லை. இந்த முரண்பாட்டை விளக்குவது குடல் என்னும் வாசல்தான்.

உடலின் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். ஓர் இரும்பு ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. விரலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். அந்தத் துளியில் கடுகளவுக்கும் குறைவான ஒரு கன மில்லிமீட்டரில் மட்டும் 40 முதல் 50 இலட்சம் சிவப்பணுக்கள். ஒவ்வொரு சிவப்பணுவிலும் 27 கோடி அளவில் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பணுக்கள். சிவப்பணு 120 நாள் உழைத்துவிட்டு அழிகிறது. அதிலிருந்த இரும்பை உடல் வீணாக்குவதில்லை. மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பிரித்தெடுத்து எலும்பு மச்சைக்குத் திருப்பி அனுப்ப, புதிய சிவப்பணு பிறக்கிறது. நாளொன்றுக்குத் தேவைப்படும் 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பில் உணவிலிருந்து உள்ளே வருவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

இரும்பை ஏன் இவ்வளவு சிக்கனமாக உள்ளே விட வேண்டும்? மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. தேங்கினால் கல்லீரலும் இதயமும் கெடும். ஆகவே கட்டுப்பாடு முழுவதும் நுழையும் இடத்திலேயே நடந்தாக வேண்டும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் சிறிய புரதம் அந்தக் கட்டுப்பாட்டைச் செய்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் அறிவியல் இதைக் கண்டறிந்தது. உடலில் இரும்பு போதுமென்றால் ஹெப்சிடின் உயரும். குடற்செல்லிலிருந்து இரத்தத்துக்குச் செல்லும் வழி மூடும். இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் தாழும், வழி திறக்கும். காய்ச்சலோ நாட்பட்ட தொற்றோ இருந்தாலும் ஹெப்சிடின் உயர்ந்து வழியை மூடிவிடும். அதனால்தான் நோயோடு இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு கீரை கொடுத்தாலும் இரத்தம் ஏறுவதில்லை.

வழி திறந்திருந்தாலும் வந்து சேரும் இரும்பு எந்த வடிவில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இறைச்சியிலுள்ள இரும்பு எளிதாக உட்புகும். தானியம், பயறு, கீரையிலுள்ள இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் உள்ளே போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் என்று சொல்வது இந்தக் குறைவான உட்கவர்தலையும் கணக்கில் கொண்டுதான்.

இங்கே இந்த மலையின் இரண்டு பயிர்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று காபி. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்து ஊன்றியது; இன்று இந்த மலையின் வாழ்வே அதுதான். காபியிலுள்ள பாலிஃபீனால்கள் உணவின் இரும்பைப் பற்றிக்கொண்டு உட்புகவிடாமல் செய்கின்றன. 1983-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து பார்த்தது. உணவோடு ஒரு கோப்பை காபி குடித்தால் இரும்பு உட்கவர்தல் 39 சதவீதம் குறைந்தது. தேநீரானால் 64 சதவீதம். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது குறையவே இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, கூடவே குடித்த அளவுக்குக் குறைந்தது.

இன்னொன்று ஆரஞ்சு. அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பை எளிதில் கரையும் வடிவத்துக்கு மாற்றிக் குடலுக்குள் போகச் செய்கிறது. கொய்யாவும் நெல்லியும் அதே வேலையைச் செய்கின்றன. தோட்டத்தில் காபியும் ஆரஞ்சும் அருகருகே வளரலாம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது ஆரஞ்சு மட்டுமே. காபி தன் நேரத்துக்குக் காத்திருக்கட்டும்.

கேழ்வரகையும் சாமையையும் பற்றி ஒரு வார்த்தை. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய உணவு இவை. தானியத்தின் மேல்தோலிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பையும் கால்சியத்தையும் கட்டிவைத்துவிடும். ஊறவைத்து முளைகட்டினாலும், கூழைப் புளிக்கவைத்தாலும் அது சிதைகிறது; கட்டுண்ட சத்து விடுபடுகிறது. கூழைப் புளிக்கவைத்துக் குடித்த முன்னோர் செய்தது உடலியங்கியலுக்கு முற்றிலும் ஒத்த காரியம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் செல் மரபுக்கூறு கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் பதிவு. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியதால் வரும் நோய் அது. இரும்பு மாத்திரையால் அது தீராது. ஆகவே பரிசோதனை முதலில், மருந்து பிறகு.

5. மண்ணின் வாசல்: தோல்

ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள தோல், நான்கு வாசல்களில் மிக இறுக்கமானது. அதன் மேலடுக்கு இறந்துபோன செல்களால் ஆனது. அடியிலிருந்து புதிய செல்கள் மேலேறி வர, பழையவை உதிர்கின்றன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேல்தோல் முழுவதும் புதிதாகிறது. நீரையும் கிருமியையும் தடுக்கும் அந்தக் கோட்டையை முக்கால் மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஓர் உயிர் துளைத்துவிடுகிறது. அது கொக்கிப்புழுவின் இளம்புழு.

நிழலும் ஈரமும் மிதமான வெப்பமும் உள்ள மண் அதற்கு ஏற்ற இடம். காபித் தோட்டத்து மண் அப்படிப்பட்டதுதான். மலம் கலந்த மண்ணில் முட்டை பொரிந்து, இளம்புழு மண்துகளின் மேல் நின்று காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கின் மெல்லிய தோல் வழியே புகும். புகுந்த இடத்தில் சிவந்த சிறு தடிப்புகளும் அரிப்பும் வரும். சேற்றில் நின்றதால் வந்தது என்று விட்டுவிடுவோம். அங்கிருந்து இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகிறது. காற்றுப் பையின் சுவரைத் துளைத்து மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வருகிறது. நாம் விழுங்கும் எச்சிலோடு குடலுக்கு இறங்கி, அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. தோல், நுரையீரல், குடல் என்று மூன்று வாசல்களையும் ஒரே உயிர் கடந்துவிடுகிறது. உணவின் வழியே நாம் சேர்க்கும் இரும்பை அது உள்ளிருந்தே வடித்துவிடுகிறது.

1899-இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் காபித் தோட்டத் தொழிலாளர்கள் வெளிறிப்போய் இறந்துகொண்டிருந்தார்கள். பசியால் வந்த சோகை என்றே எல்லோரும் நம்பினார்கள். பெய்லி ஆஷ்ஃபோர்டு என்னும் இளம் மருத்துவர் அவர்களுக்கு நல்ல உணவு கொடுத்துப் பார்த்தார், தேறவில்லை. மலத்தைச் சோதித்தபோது கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன. 1920-களில் சென்னை மாகாணத்திலும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை நடந்தது. இன்று ஆண்டில் இரண்டு முறை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை அந்தப் பணியின் தொடர்ச்சி. ஆனால் மாத்திரை புழுவைக் கொல்லும், மண்ணைத் தூய்மையாக்காது. மண்ணைத் தூய்மையாக வைத்திருப்பது கழிப்பறை. தோலைக் காப்பது செருப்பு. தோட்ட வேலைக்குப் போகும் ஒவ்வொருவர் காலிலும் செருப்பு இருக்க வேண்டும் என்பது உடலின் அமைப்பு நமக்குக் கற்பிக்கும் நேரடிப் பாடம்.

6. வெளியேறும் வாசல்: சிறுநீரகம்

உள்ளே வந்தவற்றில் பலவற்றுக்கு எலும்பு சேமிப்பிடம். உடலின் கால்சியத்தில் 99 சதவீதமும், ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியத்தில் பாதிக்கு மேலும் அங்கே இருக்கின்றன. எலும்பு கல்லைப் போல் அசையாமல் கிடப்பதில்லை. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கப்படும். அதை மறுபடி நிரப்ப உணவும் வெயிலும் உடலுழைப்பும் வேண்டும்.

மிகுந்ததை வெளியே அனுப்புவது சிறுநீரகம். இரண்டு சிறுநீரகங்களிலும் தலா 10 இலட்சம் அளவில் வடிகட்டிகள். நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன; அதில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராகப் போகிறது. மற்றதையெல்லாம் சோதித்து, வேண்டியதை எடுத்து, உடலுக்கே திருப்பித் தருகின்றன.

இந்த மலையின் பாக்சைட்டுக்கு இப்போது வருகிறேன். சேர்வராயன் மலைப் பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமானது. அந்த அலுமினியம் உணவிலும் நீரிலும் தூசியிலும் சிறிது சிறிதாக நமக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குடல் அதை உள்ளே விடுகிறது. விட்டதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. இந்த இரண்டு வாசல்களும் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1970-களில் உலகம் அதைக் கண்டது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நோயாளிகள் சிலருக்கு முதலில் பேச்சுக் குழறியது. பிறகு வலிப்பு வந்தது, நினைவு சிதைந்தது, உயிர் போனது. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆல்ஃப்ரே என்னும் மருத்துவரின் குழு அவர்களின் மூளையில் அலுமினியம் மிகுந்திருப்பதைக் காட்டியது. டயாலிசிஸ் ஒருமுறை செய்ய ஏறத்தாழ 120 லிட்டர் நீர் வேண்டும். அந்த நீருக்கும் இரத்தத்துக்கும் இடையில் ஒரு செயற்கைச் சவ்வு மட்டுமே. குழாய் நீரிலிருந்த அலுமினியம் அதைக் கடந்து இரத்தத்தில் கலந்தது. அதே குழாய் நீரைக் குடித்த ஊர் மக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, குடல் தடுத்துவிட்டது. நோயாளிகளின் இரத்தத்துக்கோ குடலின் காவலும் இல்லை, சிறுநீரகத்தின் வடிகாலும் இல்லை. நீரை முழுமையாகச் சுத்திகரித்த பிறகே டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்ற விதி இதையொட்டித்தான் வலுப்பெற்றது. எல்லைகளே உடலின் அடிப்படை அமைப்பு என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரியவில்லை.

7. நாம் செய்ய வேண்டியவை

இயற்கை அமைத்துக் கொடுத்த இந்த வாசல்களை நாம் புதிதாகக் கட்டப்போவதில்லை. அவற்றின் வேலையை எளிதாக்கலாம், அல்லது கெடுக்கலாம். எளிதாக்கும் வழிகள் நான்கு.

சமையலறைக்குப் புகைபோக்கி வையுங்கள், நுரையீரல் பிழைக்கும். சாப்பாட்டையொட்டிக் காபியும் தேநீரும் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு பழம் இருக்கட்டும், கேழ்வரகு முளைகட்டியதாக இருக்கட்டும். தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள். கழிப்பறையைக் கட்டியதோடு நிற்காமல் பயன்படுத்துங்கள். சர்க்கரை நோயும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் மருந்தை நிறுத்தாதீர்கள். சிறுநீரகத்தை மிகுதியும் கெடுப்பவை அவைதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் வயிற்றைப் புரட்டுகிறதென்று துப்பிவிடுகிறார்கள். அது ஏன், எதற்கு என்று இன்று கேட்டதைச் சொல்லி விளக்குங்கள். மதிய உணவுக்குப் பிறகு, உங்கள் கண்முன்னேயே விழுங்கச் செய்யுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒன்று. இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் காரணத்தைக் கண்டறியும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அன்றே மருத்துவத்தைத் தொடங்குங்கள். பிள்ளைக்குப் பார்த்த கையோடு உங்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.